பீவருக்கு எந்தப் பொறி வாங்குவது என்று கேட்டவருக்கு

கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர்பரோவுக்கு வடக்கே கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறீர்கள், நிலத்துக்குள் ஓடை போகிறது, பீவர்கள் (மரத்தைக் கடித்து வெட்டித் தண்ணீரில் வாழும் பெரிய கொறிக்கும் பிராணிகள்) அதில் அணை கட்டியதால் வீட்டுக்குப் போகிற பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பக்கத்து நிலத்துக்காரர், 330 அளவில் இரண்டு பொறி வாங்கி வைத்தால் போதும், தோலை விற்றால் பொறிக்குப் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் எந்தக் கம்பெனிப் பொறி, அதோடு என்ன வாசனைப் பொருள், தோலுக்கு என்ன விலை என்று கேட்கிறீர்கள். கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயம் என்று படுகிறது: இதைச் சட்டப்படி நானே செய்யலாமா, பழக்கம் இல்லாதவன் கையில் இது ஒழுங்காக நடக்குமா, செய்து முடித்தால் பாதை காயுமா. மூன்றாவது கேள்விக்கான பதில் நீங்கள் எதிர்பார்ப்பது அல்ல, ஆனாலும் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் ஒன்டாரியோவில் டிராப்பர் (பொறி வைத்து ரோமவிலங்கு பிடிப்பவர்) லைசென்ஸ் எடுத்து, தனியார் நிலங்களில் பல குளிர்காலங்களாகப் பொறி வைத்து வருகிறேன். பெரும்பாலும் பீவர், மஸ்க்ராட் என்ற நீரெலி, ரக்கூன், ஃபிஷர் (கீரி போல் நீண்ட உடல் கொண்ட காட்டு விலங்கு), கொஞ்சம் மிங்க் (அதே குடும்பத்தில் சிறியது). தூர வடக்கில் லிங்க்ஸ், ஓநாய் பிடிப்பதும், மேற்கு மாகாணங்களின் விதிகளும் என் கைப்பழக்கத்துக்கு வெளியே உள்ளவை, அதைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. பருவம் எந்தத் தேதியில் திறக்கிறது, எந்தத் தேதியில் மூடுகிறது என்பது விலங்குக்கு விலங்கு, இடத்துக்கு இடம் மாறும், அதனால் தேதிகளை என்னிடம் கேட்காமல் மாகாண அரசு வெளியிடும் விதிச் சுருக்கத்தில் உங்கள் பகுதிக்கு எதிரே பாருங்கள்.

முதலில் சட்டம். ஒன்டாரியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் வந்தது. ஒரு விலங்கு உங்கள் சொத்துக்குச் சேதம் செய்தால், அல்லது செய்யப்போகிறது என்று தெரிந்தால், அதை விரட்டவும் பிடிக்கவும் தேவைப்பட்டால் கொல்லவும் நில உரிமையாளருக்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, சொத்தைக் காப்பாற்றப் பீவர் அணையைப் பிரிக்கவும் இடம் கொடுக்கிறது. இதைக் கேட்டதும் எல்லாம் செய்யலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. உடலை நெருக்கிக் கொல்லும் பொறியையும் கம்பிக் கண்ணியையும் லைசென்ஸ் உள்ள டிராப்பர்தான் பயன்படுத்தலாம், தன் சொந்த நிலத்தில் விவசாயிக்கு மட்டும் விலக்கு உண்டு. வார இறுதிக்கு மட்டும் போய்வரும் வீடு வைத்திருப்பவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். ஆக பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன 330 பொறியை நீங்கள் கடையில் வாங்கிவிட முடிந்தாலும் ஓடையில் இறக்க முடியாது. லைசென்ஸ் வேண்டுமென்றால் ரோமவிலங்கு அறுவடை, பராமரிப்பு பற்றிய பயிற்சியை முடித்துத் தேர்வு எழுத வேண்டும். ஏறக்குறைய 40 மணி நேரப் பயிற்சி, பல ஊர்களில் வார இறுதிகளில் நடக்கும். தோல் எதுவும் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பயிற்சிக்குப் போய் உட்காருங்கள் என்பேன், ஏனென்றால் பொறியை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் அதை ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று ஒருவர் பார்ப்பார். வீடியோ பார்த்து அந்தப் பழக்கம் வராது.

விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குப் பின்னால் கெட்ட வரலாறு இருக்கிறது. 1670-ல் லண்டனில் பட்டயம் பெற்ற ஹட்சன்ஸ் பே கம்பெனி இந்த நாட்டுக்குள் வந்ததே பீவர் தோலுக்காகத்தான். பீவரின் அடிரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு முட்கள் உண்டு, அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் ஐரோப்பியத் தொப்பிக்கு அதைவிட நல்ல ஃபெல்ட் (ரோமத்தை அழுத்திச் செய்யும் கெட்டித் துணி) கிடையாது. அந்தத் தொப்பிகளுக்காகப் பிடித்துப் பிடித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் பல பகுதிகளில் பீவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒரு நிலப்பரப்பை ஒருவர் பெயரில் பதிவு செய்து, அங்கே அவர் மட்டும் அளவோடு பிடிக்கலாம் என்ற பதிவு டிராப்லைன் முறை பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1926-ல் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. இன்று அரசு நிலத்தில் பொறி வைக்க அப்படியொரு பதிவு வேண்டும், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அந்த டிராப்லைன்கள் எல்லாமே அனிஷினாபே, கிரீ போன்ற முதல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலத்தின் மேல் வரையப்பட்ட கோடுகள், அவர்களுக்கு ஒப்பந்த உரிமைகள் தனியாக உண்டு. உங்கள் நிலத்துக்குப் பின்னால் இருக்கிற காடு யாருடையது என்று தெரியாமல் அதற்குள் நுழைந்துவிடாதீர்கள்.

இப்போது பொறி. நீங்கள் கேள்விப்பட்ட 330 என்பது, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வடக்கே பொறி வைத்தே கழித்த ஃபிராங்க் கோனிபெர் என்பவர் யோசித்து, 1950-களில் சந்தைக்கு வந்த வகையின் பெரிய அளவு. அதுவரை பெரும்பாலும் காலைக் கவ்வும் பொறிதான், விலங்கு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் அதில் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் கோனிபெர் உடனே கொல்லும் பொறியைத் தேடினார். இரண்டு சதுரக் கம்பிச் சட்டங்கள், இரண்டு ஸ்பிரிங், நடுவில் ஒரு விசைக் கம்பி. விலங்கு உள்ளே நுழைந்ததும் சட்டங்கள் கத்தரிபோல் திரும்பிக் கழுத்தையோ மார்பையோ நெருக்கும். 330-ன் வாய் 10 அங்குலம், பீவருக்கும் நீர்நாய்க்கும். 220-ன் வாய் 7 அங்குலம், ரக்கூனுக்கும் ஃபிஷருக்கும். 120 அதைவிடச் சிறியது, மார்டன் என்ற, ஃபிஷரின் சிறிய உறவினத்துக்கும் மிங்குக்கும்.

எந்தக் கம்பெனி என்பதற்கு என் பதில், சான்று பெற்ற பட்டியலில் இருக்கிற கம்பெனி. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1997-ல் கையெழுத்திட்ட பொறித் தர ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பா கால்பொறிக்குத் தடை போட்டு, அதைப் பயன்படுத்தும் நாடுகளின் ரோமத்தை வாங்கமாட்டோம் என்று 1991-ல் சட்டம் கொண்டு வந்ததன் விளைவு அது. அதன்படி கொல்லும் பொறியைச் சோதிக்கும்போது, குறைந்தது 12 விலங்குகளில் 80 சதவீதத்துக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் நினைவு திரும்பாதபடி தப்ப வேண்டும்: எர்மின் என்ற சின்ன மரநாய் இனத்துக்கு 45 வினாடி, மார்டனுக்கு 120, பீவர், ரக்கூன், நீர்நாய் போன்ற மற்றவற்றுக்கு 300. சோதனை ஆல்பர்ட்டாவில் வெக்ரவில் என்ற ஊரில் நடக்கிறது, சான்று கொடுப்பது கனடிய ரோம நிறுவனம். சான்று பெற்ற பொறியின் மேல் எண் அச்சிட்டிருக்கும். ஒப்பந்தத்தில் 19 விலங்கு இனங்கள்தான் உள்ளன, நரியும் மிங்கும் அதில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும் துருப்பிடித்த, ஸ்பிரிங் தளர்ந்த பொறியைக் குறைந்த விலைக்கு வாங்காதீர்கள், ஸ்பிரிங் தளர்ந்தால் மேலே சொன்ன வினாடிக் கணக்கு எதுவும் செல்லாது.

300 வினாடி என்றால் ஐந்து நிமிடம். சரியாக வைத்த நல்ல பொறியில் அதைவிட மிகச் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம், ஆனால் ஒப்பந்தம் அனுமதிக்கும் எல்லை அதுதான், அதை மறைத்து "வலியே இல்லை" என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சோதனை அளப்பது நினைவு தப்பும் நேரத்தை. அதுவரை அந்த உயிர் என்ன உணர்கிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை. கால்பொறியில் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து அமிழ்த்தும் முறை இங்கே வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் பீவர் பதினைந்து நிமிடம் வரை மூச்சை அடக்கக் கூடிய பிராணி. மூழ்கடிப்பது ஏற்கத்தக்க கொலைமுறை அல்ல என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. அந்த முறைக்கு ஆதரவாகப் பேசும் நல்ல டிராப்பர்களையும் எனக்குத் தெரியும். நான் அதைத் தவிர்க்கிறேன், உங்களுக்கும் அதைச் சொல்லித்தரமாட்டேன்.

எந்தப் பொறி என்பதைவிடப் பல மடங்கு பெரிய கேள்வி, எங்கே வைப்பது என்பது. தொடங்குகிறவர்கள் எல்லோரும் இதில்தான் அவசரப்படுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வயலெலிக்குக் கிட்டி வைப்பவர்களைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும், அவர்கள் வயல் முழுக்கச் சுற்றி எலி எந்த வரப்பில் நடந்து நடந்து தடம் பதித்திருக்கிறதோ அந்தத் தடத்தில்தான் கிட்டியைக் குத்துவார்கள், எலியைக் கிட்டிக்கு வரவழைக்க மாட்டார்கள். பீவரும் அப்படித்தான் தடம் மாறாமல் போகும். பகலில் கிளையும் சேறும் வைத்துக் கட்டிய தன் வீட்டுக்குள் கிடந்து, சாயங்காலம் நீருக்கடியில் இருக்கும் வாசல் வழியே வெளியே வந்து, தினமும் ஒரே வாய்க்காலில் நீந்தி, ஒரே இடத்தில் கரையேறி, அணையைத் தாண்டும் இடத்தில் தாண்டும். திரும்பத் திரும்பப் போவதால் அடிச்சேறு குடைந்து ஒரு பள்ளம் ஓடும், கால் வைத்தால் தெரியும். ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டிக்குக் கீழே வெள்ளைக் குமிழ்கள் வரிசையாக உறைந்திருந்தால் அதற்கு நேர் கீழேதான் பாதை, நீந்தும்போது ரோமத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வந்த காற்று அது. வீட்டுக்குப் பக்கத்தில் கிளைகளைத் தண்ணீருக்குள் குவித்துச் செருகி வைத்திருந்தால் அது குளிர்காலத் தீனி. குவியலில் புதிதாகக் கடித்த வெள்ளை மரம் இருந்தால் குடும்பம் உள்ளே இருக்கிறது. குவியலே இல்லையென்றால் வீடு பெரிதாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் காலி.

எனவே முதல் இரண்டு மூன்று வாரம் பொறியே எடுக்காதீர்கள். சாயங்காலம் காற்று பீவர் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசும் இடத்தில் உட்கார்ந்து எத்தனை தலை வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு குடும்பம் என்றால் ஒரு ஜோடி, போன வருடக் குட்டிகள், இந்த வருடக் குட்டிகள், அவ்வளவும் ஒரே வீட்டில் இருக்கும். குட்டி போடுவது மே, ஜூன் வாக்கில். அந்த மாதங்களிலும் அதற்குப் பிறகு கோடை முடியும் வரையும் தாயைப் பிடித்தால் உள்ளே பால் குடிக்கும் குட்டிகள் பட்டினியால் சாகும். பாதை எவ்வளவு நனைந்திருந்தாலும் அந்தக் காலத்தில் கொல்லும் பொறி வைக்காதீர்கள் என்று இறைஞ்சிக் கேட்கிறேன்.

லைசென்ஸ் உள்ளவரோடு சேர்ந்து வைப்பதாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன். குறுகிய வாய்க்காலில் 330 பொறியை அடியில் அசையாமல் ஊன்றி, அதற்கு நேர் மேலே நீர்மட்டத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டால், மேலே நீந்தி வரும் பீவர் கட்டையைக் கண்டு முங்கும், முங்கினால் பொறிக்குள். பனிக்கட்டிக்குக் கீழே என்றால் காய்ந்த கம்பத்தில் பொறியைக் கட்டி, பக்கத்தில் பச்சை பாப்லர் கிளையை இரையாக வைப்பார்கள். கம்பம் காய்ந்ததாக இருப்பது ஏனென்றால் பச்சைக் கம்பத்தை அது கடித்துக்கொண்டு போய்விடும். அணையைத் தாண்டும் இடம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் நீர்நாயும் அதே இடத்தில்தான் தாண்டும். நீர்நாய்க்கு உடல் ஒல்லி, பீவருக்கு அகலம், அதனால் விசைக் கம்பியை நடுவில் விடாமல் சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் நீர்நாய் பெரும்பாலும் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். "பெரும்பாலும்"தான். நீர்நாய்த் தடமோ, மீன் செதிள் நிறைந்த எச்சமோ கரையில் கண்டால் நான் அந்த இடத்தையே விட்டுவிடுகிறேன்.

தேவையில்லாததைப் பிடிக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பாதி, இதைச் சொல்லாமல் பிடித்த எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை. தரையில் திறந்தபடி வைத்த 220 பொறி நாயைக் கொல்லும். இறைச்சி வாடைக்கு மூக்கை நுழைக்கும் வீட்டு நாயின் கழுத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது, சொந்தக்காரர் பக்கத்தில் நின்றாலும் ஸ்பிரிங்கை அமுக்கத் தெரியாமல் காப்பாற்ற முடிவதில்லை. அதனால் ஃபிஷருக்கோ மார்டனுக்கோ வைப்பதென்றால் சாய்ந்த மரத்தில் நாய் எட்டாத உயரத்தில் பெட்டிக்குள், ரக்கூனுக்கு என்றால் கை நுழைந்து இழுத்தால் மட்டும் விழும் குழாய் வடிவப் பொறி. ரக்கூனுக்குத்தான் அப்படிக் கையை விட்டுத் துழாவும் பழக்கம், நாய்க்குக் கிடையாது. நடைபாதைக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் எதுவும் வேண்டாம். உயிரோடு பிடித்து வைக்கும் எந்தப் பொறியையும் கூண்டையும் தினமும் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், அது விதி. சனிக்கிழமை மட்டும் வந்து போகிறவருக்கு இந்த வகை ஒத்துவராது.

நீங்கள் கேள்வியின் கடைசியில் கயோட்டி (ஓநாயை ஒத்த, அதைவிடச் சிறிய காட்டு நாய்) பற்றி ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அல்கான்குவின் பூங்காவைச் சுற்றியுள்ள பல டவுன்ஷிப்களிலும் கவார்த்தா ஹைலேண்ட்ஸ் பக்கமும் ஓநாயையும் கயோட்டியையும் பிடிக்கவே அனுமதி இல்லை, அங்கே வாழும் அல்கான்குவின் ஓநாயையும் கயோட்டியையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே மூடியிருக்கிறார்கள். உங்கள் நிலம் பீட்டர்பரோவுக்கு வடக்கே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து நீங்கள் அதற்குள் இருக்கலாம். கயோட்டி உங்களுக்கு எந்தச் சேதமும் செய்ததாகச் சொல்லவில்லையே, அதை விட்டுவிடுங்கள். பரணில் ஏறும் ரக்கூனைக் கூண்டில் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடலாமா என்றால், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள், 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும் என்பது விதி. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பிடித்துக் காட்டேஜில் கொண்டுபோய் விடுவது குற்றம். அது வெறும் சம்பிரதாயம் இல்லை, ஹாமில்டனில் 2015 டிசம்பரில் ரக்கூன் வகை வெறிநோய் வந்தது, அப்படிப்பட்ட நோயைக் காரில் ஏற்றி ஊர் மாற்றுவது நாம்தான்.

உங்கள் உடம்பைப் பற்றி. 330 பொறி ஒரு வளர்ந்த மனிதனின் முன்கையைப் பிடித்துக்கொண்டால் ஒரு கையால் பிரிக்க முடியாது, தண்ணீரில் தனியாக நின்று மாட்டிக்கொண்டால் குளிரே ஆளைக் கொன்றுவிடும். ஏற்றும்போது ஸ்பிரிங் கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. நீளக் கைப்பிடி உள்ள இடுக்கியும், சட்டங்கள் மூடாமல் பிடித்துக்கொள்ளும் கிளிப்பும் இல்லாமல் தொடாதீர்கள். பையில் ஒரு கயிறு, ஒரு முனையில் கால் நுழையும் சுருக்கு: ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களிலும் கயிற்றைக் கோத்து, சுருக்கில் காலை வைத்து மிதித்து, சும்மா இருக்கும் கையால் மறுமுனையை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும், அப்போது கொக்கியை மாட்டலாம். இதை வீட்டுக்குள் உலர்ந்த தரையில் பலமுறை செய்து பழகுங்கள். பனிக்கட்டி நடப்பதற்குக் குறைந்தது 10 செண்டிமீட்டர், தெளிவான கட்டியாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருப்பதற்கு அதில் பாதிதான் பலம். பீவர் வீட்டு வாசலுக்கு மேலும், அணைக்கு முன்னாலும், ஓடை வந்து விழும் இடத்திலும் தண்ணீர் அசைந்துகொண்டே இருப்பதால் ஏரியெல்லாம் கெட்டியாக இருக்கும்போதும் அங்கே மெல்லிசாக இருக்கும், நீங்கள் பொறி வைக்கப் போவதும் சரியாக அதே இடங்களுக்குத்தான். ஒவ்வொரு அடிக்கும் கடப்பாரையால் தட்டிப் பார்த்துப் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

தோலை உரிக்கும்போது கையுறை கட்டாயம். பீவரிலும் மஸ்க்ராட்டிலும் துலரீமியா என்ற பாக்டீரியா காய்ச்சல் சிறு கீறல் வழியாகவே ஏறும். ரக்கூன் எச்சத்தில் இருக்கும் உருளைப்புழு முட்டை மூளை வரை போகக்கூடியது. தெற்கு ஒன்டாரியோ நரி, கயோட்டியில் கல்லீரலைத் தாக்கும் சின்ன நாடாப்புழு இருப்பது உறுதியாகியிருக்கிறது. தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் வெறிநோய் முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

வாசனைப் பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் டிராப்பர்களுக்குள் சண்டையே, ஒவ்வொருவரும் தன் குப்பியில் இருப்பதுதான் உயர்ந்தது என்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பீவரின் வாலுக்கருகில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் காஸ்டோரியத்தைச் சேற்று மேட்டில் தடவினால், தன் எல்லையில் வேறொரு பீவர் வந்துவிட்டது என்று அது பார்க்க வரும், பனி உருகும் வசந்தத்தில் இது நன்றாக வேலை செய்யும். உறைந்த குளத்தில் அதற்கு வேலையே இல்லை. மற்றபடி குப்பியில் அடைத்து விற்பவற்றில் எது எவ்வளவு பலன் தருகிறது என்பதற்கு ஒழுங்கான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. தடத்தில் வைத்த பொறிக்கு வாசனை தேவையில்லை, தடத்துக்கு வெளியே வைத்த பொறியை வாசனை காப்பாற்றாது.

தோல் விலைக்கு வருகிறேன். ரோமம் முழுதாக விளைவதற்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை, பகல் குறைவது. விளையாத தோலை உரித்துத் திருப்பினால் உள்பக்கம் நீலக் கறுப்பாக இருக்கும், விளைந்ததென்றால் வெண்ணெய் நிறம். பீவர் நடுக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் முழுதாக விளையும், அக்டோபரில் பிடித்தது பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். வயிற்றுப் பக்கம் நீளமாகக் கீறி, கொழுப்பை ஒட்டச் சுரண்டி, பலகையில் நீள்வட்டமாக ஆணியடித்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் குளிர்ச்சியான இடத்தில் காற்றில் காயவைக்க வேண்டும், ஏலத்துக்குப் போகும் தோலுக்கு உப்புப் போடக் கூடாது. கொழுப்பு நிறைந்த பிராணி என்பதால் முதல் தோலைச் சுத்தம் செய்ய அரைநாள் போகும், கத்தி பட்டு ஓட்டை விழுந்தால் தரம் இறங்கும். இத்தனைக்கும் பிறகு சந்தை எப்படி இருக்கிறது என்றால், ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஏலத் தொழிலின் வாரிசாக டொராண்டோவில் இருந்த பெரிய ஏல நிறுவனம் 2019-ல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்கு வந்து மூடியது, கயோட்டி ரோமத்தை ஜாக்கெட் தொப்பியில் வைத்த கனடா கூஸ் 2021-ல் ரோமத்தையே விடுவதாக அறிவித்தது. ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் ரோம ஏலம் நடக்கிறது, நல்ல தோலுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குளத்திலிருந்து வரும் நாலைந்து தோலில் பெட்ரோல், பொறி, லைசென்ஸ் செலவைக் கழித்தால் கையில் எதுவும் நிற்காது. பணத்துக்காக இதில் இறங்காதீர்கள். பிடித்தால் இறைச்சியை வீணாக்காதீர்கள், பீவர் இறைச்சி நல்ல இறைச்சி, தின்னத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

கடைசியாகப் பாதை. நீங்கள் குடும்பத்தையே முழுதாகப் பிடித்து முடித்தாலும், வசந்தத்தில் இரண்டு வயது நிறைந்த பீவர்கள் பிறந்த வீட்டை விட்டு இடம் தேடிக் கிளம்பும். கட்டிய அணை, வெட்டிய வாய்க்கால், தின்ன மரம் எல்லாம் தயாராக இருக்கும் உங்கள் ஓடையை அவை விடாது. ஓடையும் மரமும் இருக்கிற வரை இது இப்படித்தான், அதே குளத்தில் வருடா வருடம் பொறி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாதைக்குக் கீழே போடும் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே அந்தக் குழாயை அடைக்கப் பீவருக்குத் தோன்றிவிடும், உங்கள் பாதை மூழ்கியதற்கும் அநேகமாக அதுதான் காரணம். குழாயின் வாயைச் சுற்றி ஓடைக்குள் நீட்டிக் கம்பி வேலி போடுவது, அணைக்குள் ஒரு நீளக் குழாயைச் செருகி அதன் உள்முனையைச் சில மீட்டர் தள்ளிக் குளத்துக்குள் கம்பிக் கூண்டுக்குள் வைப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்து நீங்கள் விரும்பும் மட்டத்தில் நிற்கும், பீவரும் அங்கேயே இருந்து புதியவற்றை உள்ளே விடாது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை குப்பையை நீக்கினால் போதும். சரிவான, வேகமான ஓடையிலும் பெருவெள்ளம் வரும் இடத்திலும் இது தோற்றுப்போகும், அங்கே லைசென்ஸ் உள்ள டிராப்பரைக் கூப்பிடுவதுதான் வழி, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அணையை மட்டும் ஒரேயடியாக உடைத்துவிடாதீர்கள், கீழே இருப்பவரின் நிலம் அடித்துக்கொண்டு போனால் நீங்கள்தான் பொறுப்பு, சேறு இறங்கி மீன் முட்டையிடும் இடம் கெட்டால் கூட்டாட்சி மீன்வளச் சட்டமும் வரும். பாதை நகராட்சியுடையது என்றால் அவர்களிடம் முதலில் பேசுங்கள், பல நகராட்சிகள் இதற்கென்றே டிராப்பர் வைத்திருக்கின்றன.

பாதைக்குக் கீழே போகும் குழாயின் விட்டம், அணையின் உயரம், அணைக்கும் பாதைக்கும் இடையே உள்ள தூரம், ஓடையின் ஆழம், இந்த நான்கையும் அளந்து, மேலும் கீழும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வேலிக்குக் கம்பி எத்தனை அடி வேண்டும், குழாய் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.